எட்டு அங்குலத் தூணை ஏழு அங்குல ரம்பத்தால் சதுரமாக வெட்டுவது எப்படி?

பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த நான்கு தேக்குத் தூண்களின் உளுத்த அடிப்பகுதியை நீக்கிவிட்டு, அவற்றைப் புதிய தாழ்வாரத்தில் நிறுத்தப் போவதாக எழுதியிருந்தீர்கள். தூண்கள் 8 அங்குலச் சதுரம், 10 அடி நீளம். கையில் இருப்பது 7 அங்குல மின் வட்ட ரம்பம் ஒன்று மட்டும். முதல் தூணை வெட்டியபோது, நான்கு பக்கமும் சுற்றிப் போட்ட கோடு கடைசி மூலையில் சேரவில்லை. ரம்பத்தை நான்கு பக்கமும் ஓட்டி முடித்துப் பார்த்தால் வெட்டுமுகத்தில் படி விழுந்திருந்தது. இது ரம்பத்தின் குறையா, பெரிய ரம்பம் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

பெரிய ரம்பம் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் பெரும்பாலும் ரம்பத்தை மின்சாரத்தில் செருகுவதற்கு முன்பே, கோடு போடும்போதே வந்துவிட்டவை. பெரிய மரத்தில் கோடு சரியாக இருந்தால் சிறிய ரம்பமே போதும். கோடு தவறாக இருந்தால் பெரிய ரம்பம் அந்தத் தவறை ஒரே வீச்சில் வெட்டித் தரும், அவ்வளவே வேறுபாடு. அதனால் இந்தப் பதிலின் பாதிக்கும் மேல் கோட்டைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம். தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. உங்கள் தூணின் அடி, 8 அங்குல அகலத்துக்கு அரை நூல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தால், மட்டமான கல்லின் மேல் நிறுத்தும்போது 10 அடி உயரத்தில் தலைப்பகுதி ஏறத்தாழ ஓர் அங்குலம் சாய்ந்து நிற்கும். அடியில் கண்ணுக்குத் தெரியாத பிழை மேலே போனதும் தெருவில் போகிறவருக்கும் தெரியும். ஆகவே கால் நூலுக்குள், அதாவது முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குள், வெட்டு இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், முறையாகச் செய்தால் எளிதில் எட்டக்கூடியதுதான்.

வட்ட ரம்பம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். 185 மில்லிமீட்டர் பிளேடு போட்ட உங்கள் ரம்பம் நேர்நிலையில் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம், ஆழம் வெட்டும். ஒரு பக்கத்தில் வெட்டி, மரத்தை உருட்டி எதிர்ப்பக்கத்தில் வெட்டினாலும் 5 அங்குலம்தான் ஆகிறது. நான்கு பக்கமும் வெட்டிய பிறகு நடுவில் 3 அங்குலச் சதுரத்துக்கு ஒரு கட்டை வெட்டப்படாமல் நிற்கும். அதைக் கைவாளால் அறுக்க வேண்டும். இதைவிட முக்கியமானது, ரம்பத்துக்கு மரம் முழுவதும் தெரியாது என்பது. அதன் அடித்தட்டு எந்த முகத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த முகத்துக்கு மட்டுமே அது செங்குத்தாக வெட்டும். நான்கு முகங்களிலிருந்து நான்கு முறை வெட்டும்போது, நான்கு வெட்டுகளும் ஒரே தளத்தில் விழவேண்டும் என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு முழுக்க உங்கள் கோட்டினுடையது.

இனி கோடு. நான்கு முகங்களையும் சமமாக நம்பாதீர்கள். தூணைச் சுற்றிப் பார்த்து, ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு முகங்களில் எவை நேராகவும் பழுதில்லாமலும் இருக்கின்றனவோ அவற்றை ஆதார முகங்களாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால் எது வளைந்திருக்கிறது, எது அலை அலையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இரண்டுக்கும் சுண்ணக்கட்டியால் 1, 2 என்று எண் போடுங்கள். 1-க்கு எதிர்முகம் 3, 2-க்கு எதிர்முகம் 4. முதலும் இரண்டாவதும் சந்திக்கும் விளிம்புதான் இந்த வேலைக்குத் தாய் விளிம்பு. எல்லா அளவும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உங்கள் கோடு ஏன் சேரவில்லை என்பதை நீங்கள் எழுதியதிலிருந்தே ஊகிக்க முடிகிறது. முதல் முகத்தில் ஒரு கோடு, அதன் முனையிலிருந்து இரண்டாவதில், அதன் முனையிலிருந்து மூன்றாவதில் என்று மூலைமட்டத்தை (90 பாகை பார்க்கும் L வடிவக் கருவி) மரத்தைச் சுற்றி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதன் தடித்த கட்டையை அடுத்து வந்த முகத்தின் மேல் அணைத்திருப்பீர்கள். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு முகத்தின் குறையும் அடுத்த கோட்டில் ஏறி, நான்காவது மூலையில் மொத்தமும் சேர்ந்து வெளிப்படும். சரியான வரிசை இது: முதல் முகத்தில் கோடு போடும்போது மூலைமட்டத்தின் கட்டை இரண்டாம் முகத்தை அணைத்திருக்க வேண்டும், இரண்டாம் முகத்தில் போடும்போது முதல் முகத்தை அணைக்க வேண்டும். மூன்றாம் முகத்துக்கு மீண்டும் இரண்டாம் முகத்தையும், நான்காம் முகத்துக்கு மீண்டும் முதல் முகத்தையும் அணைக்க வேண்டும். மூன்றும் நான்கும் ஒருபோதும் கட்டையைத் தாங்கக் கூடாது. இப்படிப் போட்டால் நான்கு கோடுகளும் எதிர்மூலையில் தாமாகவே வந்து சேரும். சேராவிட்டால் எந்த முகம் பொய் சொல்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மூலைமட்டத்தையும் சோதித்துவிடுங்கள். நேரான பலகையின் விளிம்பில் அணைத்து ஒரு கோடு கீறி, மூலைமட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு கீறினால் இரண்டும் ஒன்றாக விழவேண்டும். விலகினால், விலகலின் பாதி அதன் பிழை. தரையில் ஒருமுறை விழுந்த மூலைமட்டம் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும்.

இங்கே ஒரு பொதுவான தவறான அச்சத்தைப் போக்க வேண்டும். தூணின் குறுக்குவெட்டு சரியான சதுரமாக இல்லாமல் சற்றே சாய்சதுரமாக இருந்தால் அடி நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டப்படாது என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. முகங்கள் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இல்லாவிட்டாலும், அவை தூணின் நீளத்துக்கு இணையாக இருக்கும்வரை, ஒவ்வொரு முகத்திலிருந்தும் செங்குத்தாக இறங்கும் வெட்டு ஒரே தளத்தில்தான் விழும். கெடுதல் செய்வது நீளவாக்கில் உள்ள குறைகள்: ஒரு முனையை நோக்கிக் கூம்புவது, வில்போல் வளைவது, முறுக்கிக்கொள்வது, வாய்ச்சியால் செதுக்கிய பழைய மரத்தில் காணும் அலைகள். இவற்றிலும் கூம்பலைவிட அலையே மோசமானது. 10 அடிக்கு அரை அங்குலம் கூம்பினால் வெட்டில் வரும் சாய்வு கால் பாகைக்கும் குறைவு. ஆனால் நீங்கள் மூலைமட்டத்தை வைக்கும் ஒரு சாண் நீளத்தில் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் கோடு 8 அங்குலத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் விலகிவிடும். ஆகையால் பழைய மரத்தில் மூலைமட்டத்தை நேரடியாக முகத்தின் மேல் வைக்காதீர்கள். மூன்றடி நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றை ஆதார முகத்தின் மேல் அணைத்து, அந்தச் சட்டத்தின் மேல் மூலைமட்டத்தை அணையுங்கள். சட்டம் பள்ளங்களைத் தாண்டி மேடுகளின் மேல் உட்கார்ந்து, முகத்தின் பொதுவான திசையைக் காட்டும்.

தூண் முறுக்கியிருந்தாலோ நான்கு முகமும் நம்பத் தகாதவையாக இருந்தாலோ முகங்களை விட்டுவிட்டு மையக்கோட்டுக்குப் போக வேண்டும். இரண்டு முனைகளிலும் மையத்தைக் குறித்து, அந்த மையத்தின் வழியே தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒரு நேர்க்கோடும், ரசமட்டத்தை வைத்து ஒரு கிடைக்கோடும் கீறுங்கள். தூண் அசையாமல் இருக்க ஆப்பு அடித்துக்கொள்வது அவசியம். இந்தக் கோடுகள் விளிம்பைத் தொடும் இடங்களை இணைத்து, காவியில் நனைத்த நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு முகத்திலும் நூல் அடித்துவிட்டால், தூணின் உண்மையான அச்சு நான்கு முகங்களிலும் சிவப்புக் கோடாக வந்துவிடும். பிறகு மூலைமட்டத்தின் ஒரு கையை அந்தக் கோட்டோடு பொருத்தி மறு கையால் குறுக்குக்கோடு போட்டால் முகம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி, புதிய மில் மரத்திலும் நூல் அடிக்காமல் வாளை எடுக்கமாட்டார். இயந்திரத்தில் இழைத்த மரத்துக்கு அது மிகை என்று அப்போது நினைத்தேன். பிரித்தெடுத்த பழைய உத்திரங்களோடு சில ஆண்டுகள் பழகிய பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

கோட்டைப் பென்சிலால் போட்டு நிறுத்திவிடாமல், கூரிய கத்தி முனையால் அழுத்திக் கீறிவிடுங்கள். தடித்த தச்சுப் பென்சில் கோடே சில வேளை அரை நூல் அகலம் இருக்கும். கத்திக் கீறல் மேல்நாரையும் அறுத்துவிடுவதால், விளிம்பில் சிம்பு பெயராது.

அடுத்து ரம்பம். கோண அளவுகோலில் முள் பூஜ்யத்தைக் காட்டுவதை நம்ப வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடை முழு ஆழத்துக்கு இறக்கி, ரம்பத்தைக் கவிழ்த்து, அடித்தட்டுக்கும் பிளேடின் உடலுக்கும் இடையில் சிறிய மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். பல்லின் மேல் வைத்தால் பல் பிளேடைவிடத் தடிப்பாக இருப்பதால் தவறு காட்டும். பிறகு நேராக இழைத்த ஒரு சட்டத்தை நிறுத்தி வெட்டி, வெட்டிய இரு துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஒரே நேர்விளிம்பில் அணைத்து முகத்தோடு முகம் சேர்த்துப் பாருங்கள். இடையில் தெரியும் இடைவெளி ரம்பத்தின் சாய்வுப் பிழையைப் போல் இரண்டு மடங்கு. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும்.

இந்தச் சாய்வு சின்னதாக இருந்தாலும் ஏன் முக்கியம் என்றால், நான்கு பக்கமும் வெட்டும்போது அது தன்னை ஒளித்துக்கொள்ளும். ரம்பம் அரை பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முகங்களிலும் வெட்டு கோட்டின் மேல்தான் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு விளிம்பும் அழகாகச் சேர்ந்திருக்கும். உள்ளே போகப் போக ஒவ்வொரு வெட்டும் ஒரே திசையில் விலகி, 65 மில்லிமீட்டர் ஆழத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகியிருக்கும். அந்த விலகல் தூணுக்குள் போயிருந்தால் வெட்டுமுகம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். வெளியே போயிருந்தால் நடுவில் மேடு எழும்பி, நிறுத்தியதும் தூண் பம்பரம் போல ஆடும். இரண்டில் ஒன்று நேரத்தான் வேண்டும் என்றால் குழியே மேல்.

எனக்கும் இந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒருமுறை ரம்பத்தின் முள்ளை நம்பி ஒரு தூணை வெட்டி, நடுவில் மேடு வந்ததும் அதை நீக்க மறுபடி வெட்டி, அதிலும் சேராமல் மூன்றாம் முறை வெட்டினேன். ஒவ்வொரு முறையும் ரம்பத்தின் அதே சாய்வு அதே மேட்டைத் திரும்பத் திரும்பத் தந்தது. கடைசியில் முகம் சரியானபோது தூண் இரண்டு விரற்கடை குறைந்துபோய், அடியில் கூடுதலாக ஒரு கல் வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தோற்றத்தில் அது கெடுதல் இல்லை என்று வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

பிளேடு அடித்தட்டின் பக்கவிளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பல்லில் அடையாளம் வைத்து, அதை முன்னால் கொண்டுவந்து விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும், பின்னால் சுழற்றி அதே தூரத்தையும் அளந்தால் போதும். இரண்டும் வேறுபட்டால் பிளேடு வெட்டுத்தடத்தில் குறுக்காக உரசும்; மரம் கருகுவதும், ரம்பம் வழிகாட்டிச் சட்டத்தை விட்டு விலகப் பார்ப்பதும் அதன் அறிகுறிகள்.

பிளேடு கார்பைடு பல் வைத்ததாக, புதிதாகத் தீட்டியதாக இருக்கட்டும். தேக்கில் சிலிக்கா உண்டு. சாதாரண எஃகுப் பல் விரைவில் மழுங்கிவிடும். 185 மில்லிமீட்டர் பிளேடுக்கு 24 பல் போதும். பல் அதிகமானால் வெட்டு மழமழப்பாக இருக்கும் என்பது பலகைக்குப் பொருந்தும். இவ்வளவு ஆழமான வெட்டில் தூள் வெளியேற இடமின்றிப் பிளேடு சூடேறி, வளைந்து, கோட்டைவிட்டுப் போகும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் ஆணியில் பட்டு மழுங்கியிருந்தாலும் பிளேடு கூரான பக்கத்தை நோக்கி இழுக்கும். பழைய மரத்தில் ஆணி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாமல், வலுவான காந்தத்தை ஒரு நூலில் கட்டி வெட்டுமிடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பாருங்கள். தலை முறிந்து உள்ளே போன ஆணியைச் சுற்றி மரம் கருத்திருப்பதும் ஒரு தடயம்.

வெறுங்கையால் கோட்டைப் பார்த்து ஓட்டுவது இந்த வேலைக்கு ஆகாது. நேரான சட்டம் ஒன்றைக் கோட்டுக்கு இணையாகக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அடித்தட்டின் விளிம்பை அதில் அணைத்து ஓட்ட வேண்டும். சட்டத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் டேப்பால் அளந்தால் நான்கு முகத்தில் நான்கு விதமாக வரும். நீங்கள் கண்ட படி இதனாலும் விழுந்திருக்கலாம். மாறாக, அடித்தட்டின் விளிம்பிலிருந்து பிளேடின் பல் வரை உள்ள தூரத்துக்குச் சரியாக ஒரு பிளைவுட் துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு விளிம்பைக் கத்திக் கீறலில் வைத்து, மறுவிளிம்பில் சட்டத்தை ஒட்டி இறுக்கினால் அளவே எடுக்க வேண்டியதில்லை. சட்டம் நான்கு முகத்திலும் தூணாக எஞ்சப்போகும் பக்கத்திலேயே இருக்கட்டும். அப்போதுதான் ரம்பம் தவறி விலகினாலும் கழிவுக் கட்டையின் பக்கம் விலகும், தூணைத் தின்னாது. முகம் அலையாக இருந்தால் அடித்தட்டுக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய பிளைவுட் தகடு ஒன்றை விரித்துக்கொண்டால் ரம்பம் பள்ளத்தில் சாயாமல் ஓடும். தகட்டின் தடிப்பளவு ஆழம் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தூணைத் தாங்கும் விதமே உங்கள் பாதுகாப்பையும் தீர்மானிக்கும். 8 அங்குலச் சதுரம், 10 அடி என்றால் 4.44 கன அடி. உலர்ந்த தேக்குக்கு ஏறத்தாழ 80 கிலோ. தாங்கு கட்டைகள் இரண்டையும் தூணாக எஞ்சும் பகுதியின் கீழேயே வைத்து, வெட்டப்படும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். வெட்டு இரண்டு தாங்கிகளுக்கும் நடுவில் விழுந்தால், மரம் தன் பாரத்தால் தொய்ந்து வெட்டுத்தடத்தின் வாயை மூடி, பிளேடை இறுகப் பிடிக்கும். பிடிபட்ட பிளேடு ரம்பத்தை உங்களை நோக்கி எறியும். வட்ட ரம்பத்தால் நேரும் பெரிய காயங்களில் பல இப்படித்தான் நேர்கின்றன. முனை வெளியே நீண்டிருந்தால் தடம் விரியுமே தவிர மூடாது. உங்கள் கழிவுத் துண்டு ஆறு அங்குலம் என்றால் நான்கு கிலோதான். கடைசி அறுப்பின்போது ஒருவர் அதைக் கீழிருந்து ஏந்திக்கொண்டால் நார் பிய்ந்து போகாது. ரம்பத்தின் கீழ்க்காப்பு மூடியை ஆப்பு வைத்துத் திறந்தபடி நிறுத்திவிட்டு வேலை செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் பின்பற்றாதீர்கள். கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றோடு முகக்கவசமும் வேண்டும், ஏனெனில் தேக்குத் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.

வெட்டும்போது முதல் ஓட்டத்தில் பத்து மில்லிமீட்டர் ஆழம் மட்டும் வெட்டுங்கள். மெல்லிய வெட்டில் பிளேடு வளையாது. அந்தத் தடமே அடுத்த ஆழமான ஓட்டத்துக்கு வழியாகும். பிறகு பாதி ஆழம், பிறகு முழு ஆழம். ரம்பத்தைத் தள்ளாதீர்கள், மோட்டாரின் ஓசை தாழ்ந்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று பொருள். மெலிந்த, நீளமான நீட்டிப்பு வயரில் வேலை செய்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் தளர்வதும் உண்டு; 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நல்லது. ஆதார முகங்களான ஒன்றையும் இரண்டையும் முதலில் வெட்டி, பிறகு மூன்றையும் நான்கையும் வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மூலையில் வந்து நிற்கும் முந்தைய வெட்டுத்தடத்தின் சுவரோடு புதிய வெட்டு சேர்கிறதா என்று, முழு ஆழம் போவதற்கு முன், அந்தப் பத்து மில்லிமீட்டர் தடத்திலேயே பார்த்துவிடலாம். சேராவிட்டால் அங்கேயே நிறுத்தி வழிகாட்டிச் சட்டத்தைத் திருத்துங்கள். மூன்றாம் முகமோ நான்காம் முகமோ வெகுவாகக் கூம்பியோ அலைந்தோ இருந்தால் அவற்றிலிருந்து ஆழமாக வெட்டவே வேண்டாம். பத்து மில்லிமீட்டர் தடத்தோடு விட்டுவிட்டு, மீதியைக் கைவாளுக்கு ஒதுக்குங்கள். உழைப்பு கூடும், தளம் கெடாது.

நடுவில் நிற்கும் கட்டையை அறுப்பதற்கு நல்ல கூரான கைவாளே என் தேர்வு. ரம்பம் போட்ட தடம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். கைவாள் அதனுள் தளர்வாக நுழைந்து, இருபுறச் சுவர்களையும் வழிகாட்டியாகக் கொண்டு ஓடும். ஒரு மூலையிலிருந்து பாதி அறுத்துவிட்டு, தூணை உருட்டி எதிர்மூலையிலிருந்து மீதியை அறுங்கள். 3 அங்குலச் சதுரத் தேக்கைக் கையால் அறுக்க ஐந்து நிமிடம் ஆகலாம். முன்னும் பின்னும் இழுபடும் மின்வாள் விரைவாக முடித்துவிடும்; ஆனால் அதன் நீண்ட மெல்லிய பிளேடு மரத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து போகும். அதைப் பயன்படுத்தினால் வேண்டுமென்றே கழிவுப் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அறுத்து, எஞ்சிய மேட்டைப் பிறகு செதுக்குவது நல்லது.

அந்த மேட்டை அகலமான உளியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செதுக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போனால் விளிம்பு பிய்ந்துவிடும். நேர்ச்சட்டத்தை இரு மூலைவிட்டங்களின் வழியாகவும் வைத்துப் பார்த்து, நடுக்கட்டை சுற்றுப்பரப்பைவிட அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி செய்துவிடுங்கள். இது ஏமாற்று வேலையல்ல. 64 சதுர அங்குலப் பரப்பில் அந்த நடுக்கட்டை 9 சதுர அங்குலம்தான். மீதி 55 சதுர அங்குலம், அதாவது 86 விழுக்காடு, பாரத்தைத் தாங்கும். பாரம் சுற்றோரத்தில் பரவி நிற்கும் தூண் ஆடாது. நடுவில் நிற்கும் தூணைத்தான் நம்ப முடியாது.

மற்றக் கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 9 அங்குல வட்ட ரம்பம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் ஆழம் போகும். நடுக்கட்டை ஒன்றேகால் அங்குலமாகச் சுருங்கும். இந்த அளவு மரத்தை அடிக்கடி வெட்டுபவருக்கு அது உதவும். மகிட்டா போன்ற கருவித் தயாரிப்பாளர்கள் பெரிய உத்திரங்களுக்கென்றே பதினாறு அங்குலத்துக்கும் சற்றுப் பெரிய பிளேடு வைத்த ரம்பம் செய்கிறார்கள். அது ஆறேகால் அங்குலம் வரை ஒரே ஓட்டத்தில் இறங்கும், ஆனால் 14 கிலோவை ஒட்டிய எடையுள்ள அதை நான்கு தூணுக்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. அறுவைச் சங்கிலி கொண்ட பெட்ரோல் ரம்பம் எந்தத் தடிப்பையும் வெட்டும். ஆனால் சங்கிலியின் இடப்பக்க, வலப்பக்கப் பற்கள் சமமாகத் தீட்டப்படாவிட்டால் வெட்டு வில்லாக வளையும், அந்த வளைவைக் கையால் திருத்த முடியாது. அதைக் கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே தறிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். மேசையில் நிலையாக நிற்கும் மைட்டர் ரம்பத்தைப் பொறுத்தவரை, 80 கிலோ தூணை மேசைமேல் தூக்கி வைத்து ஒவ்வொரு முகத்துக்கும் மட்டமாக உருட்டுவதைவிட ரம்பத்தைத் தூணிடம் கொண்டுபோவது எளிது. கடைசியாக, நம் ஊர்ப் பட்டறைகளில் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி வெட்டும் வழக்கம் இருக்கிறதே, அதன் ஆழம் பெரும்பாலும் 34 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். தானாக மூடிக்கொள்ளும் காப்பும் அதில் இல்லை. சுழலும் வேகமோ வட்ட ரம்பத்தைப் போல் இரண்டு மடங்கு. தூணுக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

நான்கு தூணையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிடாதீர்கள். தாழ்வாரத்தின் ஆதாரக் கற்கள் ஒரே மட்டத்தில் இருப்பது அரிது. கற்களை முதலில் பதித்து, நீர் நிரப்பிய குழாய் மட்டத்தால் ஒவ்வொரு கல்லின் உயரத்தையும் பார்த்து, ஒரே ஒரு நீளச் சட்டத்தில் நான்கு தூணுக்கும் உரிய அளவுகளைத் தனித்தனியே கீறி வைத்துக்கொண்டு, அந்தச் சட்டத்திலிருந்தே தூணுக்கு மாற்றுங்கள். டேப்பின் கொக்கி ஆடுவதால் வரும் பிழை இதில் இல்லை. ஏற்கெனவே படி விழுந்த அந்த முதல் தூணில் இன்னும் நீளம் மிச்சம் இருந்தால் அதை உயரமான கல்லுக்கு ஒதுக்கி, அரை அங்குலம் மேலே புதிதாகக் கோடு போட்டுத் தொடங்குங்கள்.

வெட்டிய பிறகு மூலைமட்டத்தால் பார்ப்பதோடு நில்லாமல், ஆதாரக் கல்லின் மேல் காவித்தூளை மெல்லிதாகத் தேய்த்து, தூணை அதன்மேல் நிறுத்தி, தூக்குக் குண்டால் இரண்டு ஆதார முகங்களையும் நேர் பார்த்து, பிறகு தூணைத் தூக்கி அடியைப் பாருங்கள். எங்கே காவி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் மேடு. ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சீவி, மறுபடி நிறுத்தி, நான்கு ஓரங்களிலும் காவி ஒரே சீராக ஒட்டும்வரை செய்யுங்கள். கோடும் ரம்பமும் சரியாக இருந்தால் இரண்டு மூன்று முறைக்கு மேல் தேவைப்படாது. வெட்டுமுகத்தின் நார்வாய்கள் ஈரத்தை உறிஞ்சித்தான் பழைய அடி உளுத்தது என்பதால், காவியைத் துடைத்துவிட்டு, ஆளி விதை எண்ணெயை அது இனி உள்ளே இறங்காது என்னும் அளவுக்கு இரண்டு மூன்று முறை பூசிய பிறகு நிறுத்துங்கள்.